படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு, பெட்டி செய்தவருக்கு?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை நேரம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில், அபர்தீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றிருந்தேன். நனைந்தபடியே உள்ளே வந்தார் ஒரு நண்பர். தச்சர். இராமநாதபுரம் சீமையிலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்தவர்; இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

ஒன்று அவர் செய்தது. படாக் மரத்தில் கடைந்த கடலாமை. முதுகு ஓட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே ஐந்து அறைகள். கடுகு, சீரகம், மிளகு போட்டு வைக்கும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிதான். ஆமையின் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்தோடு ஒரு சிறு கரண்டி வரும். இந்த உருவம் சரியாக அமைய அவருக்கு மூன்று மாதம் பிடித்ததாம். ஓட்டின் வளைவை மட்டும் ஒன்பது தடவை மாற்றினாராம். பிறகு கண்காட்சியில் வைத்தார், கடைகளுக்குக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் எழுபது, எண்பது விற்றது.

இன்னொன்று பிளாஸ்டிக். மரத்தின் நிறம், ரேகை எல்லாம் அச்சில் வார்த்தது. அதே ஆமை, அதே ஐந்து அறை, அதே கழுத்துக் கரண்டி. விலை மூன்றில் ஒரு பங்கு.

நடந்தது இதுதான். பெருநிலத்திலிருந்து வந்த ஒரு மொத்த வியாபாரி இரண்டு பெட்டி வாங்கினார். நாலு பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. எட்டு மாதம் கழித்து அவருடைய ஆமைதான் வந்தது, பெட்டி பெட்டியாக.

"அண்ணே, ஓட்டுல நான் தப்பா விழுத்தாட்டின ஒரு கோடு இருக்கு. அதைக்கூட அப்படியே அடிச்சிருக்கான். இதைக் கேக்கச் சட்டமே கிடையாதா?" என்று கேட்டார்.

சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோதுதான், இருக்கிற சட்டம் அவரைக் கடந்து போய்விட்டது என்று தெரிந்தது. தச்சு, தையல், சங்கு வேலை, பிரம்பு வேலை, நகை வேலை, விளம்பரப் பலகை எழுதுவது என்று கையை நம்பிப் பிழைக்கும் நம்மவர் பலருக்கும் நாளை இது நேரலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு சட்டங்கள்

ஒருவர் தன் மூளையாலும் கையாலும் உண்டாக்கிய உருவத்தைக் காப்பதற்கு நம் நாட்டில் முக்கியமாக இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கதை, கவிதை, பாட்டு, ஓவியம், சிற்பம், போட்டோ, சினிமா ஆகியவை இதில் அடங்கும். இன்னொன்று 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். வெள்ளைக்காரர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டு வந்தது. 2001 மே மாதம் அமலுக்கு வந்தது. நாற்காலியின் வடிவம், பாட்டிலின் உருவம், துணியின் கரை, விளக்கின் அமைப்பு என்று ஒரு பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியும் அழகைக் காப்பது இந்தச் சட்டம். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி இதற்குக் கவலை இல்லை. எப்படித் தோன்றுகிறது என்பது மட்டுமே கணக்கு.

இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பதிப்புரிமை பதிவு செய்யாமலே வரும். நீங்கள் ஒரு கவிதையை எழுதி முடித்த அந்த நிமிஷமே அது உங்களுடையது. எழுதியவர் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1992-இல் 60 ஆக்கினார்கள். டிசைன் உரிமையோ பதிவு செய்தால்தான் வரும். 10 ஆண்டு கிடைக்கும். பணம் கட்டி இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். மொத்தம் 15. அதோடு சரி.

அப்படியானால் நம் தச்சர் தன் ஆமையைச் சிற்பம் என்று சொல்லிப் பதிப்புரிமைக்குள் நுழைந்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது.

ஐம்பது என்ற எண்

பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை ஒவ்வொரு கைவினைஞரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அது சொல்வது இது: ஓர் உருவம் டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தக்கதாக இருந்தும் பதிவு செய்யாமல் விட்டால், அந்த உருவம் கொண்ட பொருள் தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் செய்யப்பட்டவுடன் அதன் பதிப்புரிமை மறைந்துவிடும். செய்தது வேறு யாரோ அல்ல. உரிமை உடையவரே, அல்லது அவர் அனுமதி பெற்றவர் செய்தாலே போதும்.

அதாவது உங்கள் சரக்கு நன்றாக விற்பதே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஐம்பது வரை அது உங்கள் பிள்ளை. ஐம்பத்தொன்றாவது கடையை விட்டு இறங்கியதும் அது ஊர்ச் சொத்து.

"நான் இயந்திரத்தில் செய்யவில்லை, உளியால் ஒவ்வொன்றாகச் செய்தேன், இது எப்படித் தொழில் முறை ஆகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டிசைன் சட்டம் தன் விளக்கப் பிரிவில் கைவேலை, இயந்திர வேலை, ரசாயன வேலை மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. ஆகவே அந்த வாதத்தை மட்டும் நம்பி ஒருவர் தொழில் நடத்த முடியாது.

சரி, எண்பது விற்ற பிறகாவது போய் டிசைனைப் பதிவு செய்யலாமா? அதுவும் முடியாது. டிசைன் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விண்ணப்பம் போடும் தேதிக்கு முன்னால் இந்தியாவிலோ உலகில் வேறு எங்கோ பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்ட உருவத்தைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. எண்பது விற்க வேண்டியதில்லை. ஒன்றைக் கடையில் வைத்து விற்றாலே புதுமை போய்விட்டது என்று பொருள். கண்காட்சிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். வைக்கும் முன்பே அதிகாரிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பமும் போட வேண்டும். ஊர்த் திருவிழாக் கடையில் பெட்டி அடுக்கும் ஆளுக்கு இதெல்லாம் எட்டுகிற சமாசாரமா?

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த வியாபாரி ஆமையை நாலு படம் எடுத்தார் அல்லவா? அந்தப் படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. விரலை ஒரு தடவை அழுத்தியதற்குப் பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், எண்ணிக்கைக் கணக்கும் வேண்டாம். அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் அந்தப் படங்கள் அவருடையவை. படத்துக்குள் இருக்கும் பெட்டியை மூன்று மாதம் கண் விழித்துச் செய்தவருக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு நாள் உரிமைகூட மிஞ்சவில்லை.

சுப்ரீம் கோர்ட் சொன்னது

எது கலை, எது டிசைன் என்ற சண்டை கோர்ட்டுகளில் நெடுநாளாக நடந்து வந்தது. 2025 ஏப்ரல் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இதில் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. வழக்கு குஜராத்திலிருந்து வந்தது. திரவ இயற்கை எரிவாயுவை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வண்டிகளைச் செய்யும் ஐனாக்ஸ் இந்தியா என்ற கம்பெனி, தன் பொறியியல் வரைபடங்களைப் போட்டிக் கம்பெனி காப்பி அடித்தது என்று வழக்குப் போட்டது. எதிர்த் தரப்பான கிரையோகேஸ் கம்பெனி, "இது டிசைன், நீ பதிவு செய்யவில்லை, வண்டியோ ஐம்பதுக்கு மேல் செய்துவிட்டாய், ஆகவே உனக்கு உரிமையே இல்லை" என்று வாதாடியது. நம் தச்சருக்கு எதிராக நாளை ஒருவர் சொல்லக்கூடியதும் இதே வாதம்தான்.

நீதிபதிகள் சூர்ய காந்த், கோடீஸ்வர் சிங் இருவரும் இதற்கு இரண்டு படிகள் வகுத்தார்கள். முதல் படி: இது பதிப்புரிமைக்கு உரிய தூய கலைப் படைப்பா, அல்லது அந்தப் படைப்பிலிருந்து பிறந்து தொழில் முறையில் ஒரு பொருளின் மேல் ஏற்றப்பட்ட டிசைனா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது படி: கலைப் படைப்பு என்று பாதுகாப்புப் பெற முடியாத நிலை வந்தால், அதன் பிரதான நோக்கம் என்ன, அழகா, பயன்பாடா என்று சோதிக்க வேண்டும். இது ஒவ்வொரு வழக்கின் சாட்சியத்தையும் பொறுத்தது. எடுத்த எடுப்பில் வழக்கைத் தள்ளிவிடக் கூடாது என்பதும் தீர்ப்பின் சாரம்.

இதனால் கைவினைஞருக்கு என்ன லாபம்? முதல் லாபம், கோர்ட் வாசலிலேயே கதவை அடைக்க மாட்டார்கள். இரண்டாவது, நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்கே ஓரளவு தெரியும். உதாரணமாக, அதே தச்சர் காளிப்பூர்க் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமையைப் போல ஒரு சிலை செதுக்கி, பார்த்து ரசிப்பதற்கு மட்டும் வைத்தால், அது சிற்பம் என்று அடித்துச் சொல்லலாம். அதற்குள் ஐந்து அறை வைத்துக் கடுகு போட ஆரம்பித்ததும் அது சமையலறைச் சாமான். பதிவு செய்யாவிட்டால் ஆபத்து அங்கே தொடங்குகிறது.

சட்டம் முழுவதும் தவறா?

அப்படிச் சொல்லிவிட மாட்டேன். ஐம்பது என்ற கணக்குக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்காலிக்கும் பாத்திரத்துக்கும் ஒருவரின் ஆயுளோடு இன்னும் 60 ஆண்டு உரிமை கொடுத்தால், ஊரில் மற்றவர்கள் நாற்காலியே செய்ய முடியாது. கவிதை இல்லாமல் ஒரு வீடு நடக்கும்; கட்டில் இல்லாமல் நடக்காது. புழங்கும் பொருளுக்குக் குறைந்த காலம், பதிவு செய்தால் மட்டும் உரிமை என்ற கொள்கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் தச்சரே மற்றவர் செய்த கட்டிலைப் பார்த்துத்தான் கட்டில் செய்யப் பழகினார்.

என் ஆட்சேபம் வேறு. இந்தச் சட்டம் முதலில் பதிவு செய், பிறகு காட்டு என்கிறது. ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கை அப்படி நடப்பதில்லை. அவர் முதலில் காட்டுகிறார்; நாலு பேர் வாங்குகிறார்கள்; அப்போதுதான் இதில் காசு இருக்கிறது என்று அவருக்கே தெரிகிறது. பத்துப் புது உருவம் செய்தால் ஒன்றுதான் விற்கும். எது விற்கும் என்று தெரியாமல் பத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய அவரால் முடியுமா? சம்பளத்துக்கு வக்கீல் வைத்திருக்கும் கம்பெனியால் முடியும்.

பல நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், ஒருவர் தன் டிசைனைத் தானே வெளியிட்ட பிறகு 12 மாதம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் பதிவுக்குப் போனால், அவர் வெளியிட்டதே அவருக்கு எதிராகத் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பதிவே செய்யாத டிசைனுக்கும் வெளியிட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு, காப்பி அடிப்பதிலிருந்து பாதுகாப்புத் தருகிறார்கள்.

2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் உலக அறிவுச் சொத்து நிறுவனம் கூட்டிய மாநாடு, டிசைன் பதிவு முறைகளுக்கு ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதிலும் இந்த 12 மாத அவகாசம் இடம் பெற்றிருக்கிறது. மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டது. ஆனால் அந்தக் கையெழுத்தினால் மட்டும் நம் 4-ஆம் பிரிவு மாறிவிடாது. பாராளுமன்றம் டிசைன் சட்டத்தைத் திருத்தி, சொந்த உழைப்பாளிக்கு ஒரு வருஷ அவகாசம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் கோரிக்கை அதுதான்.

மூன்று திசையிலும் கடல்

இரண்டாவது கோரிக்கை நம் தீவுகளைப் பற்றியது. டிசைன் பதிவு அலுவலகம் கல்கத்தாவில். பதிப்புரிமை அலுவலகம் டில்லியில். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில். தீவுக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் கடல்தான். கல்கத்தாவுக்கு ஏறத்தாழ 1,250 கிலோ மீட்டர். கப்பலில் போனால் போகவும் வரவுமே ஒரு வாரக் கூலி போய்விடும்.

இப்போது விண்ணப்பத்தைக் கணினி மூலமே அனுப்பலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்த பிறகு, இணைய இணைப்பு முன்பு போல் இழுபறியாக இல்லை. தனி நபருக்கு டிசைன் விண்ணப்பக் கட்டணம் ரூ. 1,000. ஓவியம், சிற்பம் போன்றவற்றின் பதிப்புரிமையைப் பதிவு செய்ய ரூ. 500, அது விற்பனைச் சரக்கோடு சம்பந்தப்பட்டதானால் ரூ. 2,000. இந்தக் கட்டணங்கள் மலைப்பானவை அல்ல. மலைப்பாக இருப்பது அந்த விண்ணப்பத்தை நிரப்புவது. எந்த வகுப்பில் போடுவது, பொருளை எந்தெந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்து வைப்பது, எது புதுமை என்று எப்படி எழுதுவது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆட்சேபக் கடிதமும் ஆங்கிலத்தில் வரும். குறித்த காலத்துக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் செத்துப் போகும்.

தீவு நிர்வாகத்தின் தொழில் துறை அலுவலகத்தில் மாதம் ஒரு நாளாவது இதற்கென்று ஒருவர் உட்கார்ந்து, தமிழ், வங்காளி, இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி பேசுகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்கிறோம். வருகிறவர் வாங்கிப் போகும் பொருளைச் செய்பவரின் பெயரைக் காப்பதும் சுற்றுலா வளர்ச்சிதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் அடிமரம் மலைபோல் குவிந்து கிடந்த காலம் இனி வராது; காட்டின் நன்மைக்கு அது வராமலிருப்பதே சரி. ஆனால் மரம் அரிதானால், மரத்தின் கனத்துக்கு அல்ல, அதைச் செதுக்கும் கையின் கற்பனைக்கே விலை. அந்தக் கற்பனையும் களவு போனால் தச்சருக்கு என்ன மிஞ்சும்?

கூலிக்குச் செய்தால் யாருக்குச் சொந்தம்?

நம்மவரில் பெரும்பாலோர் சொந்தக் கடை வைத்தவர்கள் அல்ல. மாதச் சம்பளத்துக்கோ தினக் கூலிக்கோ வேலை செய்பவர்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலையின் பகுதியாக முதலாளிக்காக நீங்கள் வரைந்த படமும் அமைத்த உருவமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டிசைன் சட்டமும், ஒருவர் பிரதிபலன் பெற்றுக்கொண்டு மற்றவருக்காகச் செய்த டிசைனுக்கு, செய்யச் சொன்னவரே உரிமையாளர் என்கிறது.

ஆகவே பட்டறையில் புதிதாக ஒன்று தோன்றினால் அதை விளையாட்டாகச் செய்து காட்டிவிடாதீர்கள். கூலி வேறு, உரிமை வேறு என்று முதலிலேயே பேசுங்கள். பேசியதை இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளியோடு சண்டை போடச் சொல்லவில்லை. நல்ல முதலாளி இதை மறுக்க மாட்டார்.

குமாஸ்தா நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் வேலையாக நீங்கள் தயாரித்த அறிக்கை அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆனால் இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதிய நாடகமும் சிறுகதையும் உங்களுடையவை. மேலதிகாரிக்கு அதில் பங்கில்லை. அதை யாருக்காவது எழுதிக் கொடுத்தால் எத்தனை ஆண்டுக்கு, எந்த எல்லைக்கு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை முழுக்க விற்ற பிறகும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும்

அந்த மாலைப் பேச்சு இன்னொரு இடத்துக்கும் போனது. நண்பரின் பட்டறையில் ஆமைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சரக்கும் அடுக்கியிருக்கும். நிக்கோபாரியரின் ஹோடிப் படகு, கை நீள அளவில் செய்தது. சுற்றுலாப் பயணிகள் விரும்பி வாங்குவார்கள். "இந்த ஹோடி யாருடைய உருவம்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அது எல்லாருக்கும் பொதுதானேண்ணே?" என்றார்.

பிளாஸ்டிக் ஆமை செய்த வியாபாரியும் இதைத்தானே சொல்வார்?

ஒரு பக்கம் துணை மிதவை கட்டிய அந்தப் படகு, நிக்கோபாரியர் தலைமுறை தலைமுறையாகக் கடலில் கற்ற கல்வி. மரம் தேர்வதிலிருந்து பந்தயம் விடுவது வரை அது அவர்களுடைய சமூக வாழ்க்கை. அந்த ஹோடிக்குப் புவிசார் குறியீடு கேட்டுச் சென்னைப் பதிவகத்துக்கு விண்ணப்பம் போனது நம் தீவுகளுக்கே பெருமை. நம் ஊர்ப் பத்தமடைப் பாயும், சுவாமிமலை ஐம்பொன் சிலையும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் இந்தக் குறியீடு பெற்றவை. பத்தமடைப் பெயரை வேறு எவரோ தன் பாய்க்கு வைத்தால் நமக்கு எப்படி எரியும்! பதிவு பெற்ற பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000-லிருந்து ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதற்கு அஞ்சித்தான் என்று இல்லை. பக்கத்து வீட்டாரின் பொருள் என்ற மரியாதைக்காகவே நாம் ஒதுங்க வேண்டும். அல்லது அவர்களைக் கேட்டு, பங்கு கொடுத்துச் செய்ய வேண்டும். ரியாத் உடன்படிக்கை, பாரம்பரிய உருவங்களைப் பயன்படுத்திய டிசைன் பதிவுக்கு வந்தால் அதன் மூலத்தை விண்ணப்பத்தில் சொல்லும்படி கேட்க நாடுகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடு.

ஆனால் குறியீடு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் மட்டும் போதாது. கோலாப்புரிச் செருப்புக்கு 2019-லேயே குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி மிலான் நகரக் காட்சியில் அதே சாயலில் செருப்பு வைத்தபோது, முதலில் இந்தியாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நாட்டில் எழுந்த கூச்சலுக்குப் பிறகே ஒப்புக்கொண்டது. பம்பாய் ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார்கள். குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள் தாங்களே வந்து வழக்குத் தொடரட்டும் என்ற வகையில் ஜூலையில் அது தள்ளுபடி ஆனது. உரிமை உள்ளவர் விழித்திருந்து கேட்டால்தான் உரிமை. மற்றவர் அவருக்காக அழுது பயனில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. சொந்தத் தொழில் செய்யும் நம்மவர் உடனே பழக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. புது உருவம் மனதில் தோன்றியதும் தாளில் வரைந்து தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். செய்து முடித்ததும் எல்லாப் பக்கமும் நீங்களே படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அதுவே வெளியீடு ஆகிவிடும். இது விற்கும் என்று மனம் சொன்னால், முதல் பெட்டியைக் கடைக்கு அனுப்பும் முன் ஆயிரம் ரூபாயைக் கட்டி விண்ணப்பத்தைப் போடுங்கள். வியாபாரி மாதிரி கேட்டால், இரகசியம் காக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுங்கள். நம்பிக்கை மோசம் செய்து ஒருவர் வெளியிட்டதால் பதிவுக்குத் தடை வராது என்று டிசைன் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம்பிக்கை வைத்துக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமே!

பதிவு இருந்தால் என்ன கிடைக்கும்? காப்பி அடித்தவரிடம் ஒவ்வொரு மீறலுக்கும் ரூ. 25,000 வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் ரூ. 50,000 வரை வசூலிக்கலாம். அல்லது ஜில்லாக் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த இந்தத் தொகை ஒரு பெரிய கம்பெனிக்குத் தேநீர்ச் செலவு. அதையும் உயர்த்த வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. கேட்டுப் பெற வேண்டும்.

சங்கங்களும் இதில் இறங்கலாம். பங்குனி உத்திரத்துக்கும் பொங்கலுக்கும் ஒன்று கூடுகிறோம், வசூல் செய்கிறோம், விழா நடத்துகிறோம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வக்கீலையும் கணினி தெரிந்த ஒரு பையனையும் உட்கார வைத்து, தொழிலாளிகளின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் அதுவும் ஒரு திருப்பணிதான்.

நண்பரின் ஆமை போனது போனதுதான். அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை நிறுத்த அவரிடம் இன்று வலுவான ஆயுதம் எதுவும் இல்லை என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். வருத்தப்பட்டார். ஆனால் அடுத்த வாரம் என்னைத் தேடி வந்தார். கையில் பெட்டி இல்லை. நாலாக மடித்த ஒரு தாள். பென்சிலால் எதையோ வரைந்து, கீழே தேதி போட்டிருந்தார். அது என்ன உருவம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. விண்ணப்பம் போகும் வரை அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.